பூஜ்யம் இல்லை

அலுவலகக் கணினியில் ஒரு மாதம் யாரும் தொடாத கோப்புகள் தாமாகவே அழிந்துவிடும். நகலெடுத்துப் போகவும் தடை. அங்கேயே வேலைபார்த்து இறந்த கணவனின் சிரிப்பு ஒரு கோப்பில் இருந்தது. எழிலரசி அதைத் திறந்து கேட்டதே இல்லை. மாதாமாதம் ‘டச்’ கட்டளையைத் தட்டித் தேதியை மட்டும் புதுப்பிப்பாள். இம்முறை டைபாய்டு படுக்கையில் தள்ளியதில் கெடு தாண்டிவிட்டது.

“நீங்க மாசாமாசம் செய்றதப் பாத்திருக்கேன், லீவுல இருந்தப்ப நானே டச் போட்டுட்டேன்க்கா,” என்றான், வேலைக்குத் திரும்பியவளிடம் பக்கத்து இருக்கை தமீம்.

அவள் அவசரமாகக் கோப்புப் பட்டியலைத் திறந்தாள். கோப்பு முன்பே அழிந்திருந்தால், அதே கட்டளை அதே பெயரில் வெற்றுக் கோப்பை உண்டாக்கியிருக்கும். அளவைக் காட்டும் எண்ணை விரலிடுக்கு வழியே பார்த்தாள்.

பூஜ்யம் இல்லை.

“என்னக்கா, அழுறீங்க?”

“ஒண்ணுமில்லப்பா,” என்றவள், அவசியமே இல்லாமல் தன் கையாலும் ஒருமுறை டச் போட்டாள்.