ஊரைக் கூட்டிய பொட்டலம்

கடல்நாய்க் கறியை ஆய்வுக்கூடத் தொட்டியில் வளர்த்துக் கடையில் விற்க ஆரம்பித்தபின் வடதுருவப் பனியில் இருந்த அந்த இனுவிட் ஊரில் யாருக்கும் பசியில்லை. யாரும் யார் வீட்டுக்கும் போகவுமில்லை.

முன்பெல்லாம் வேட்டை கிடைத்தால் ஊர் ரேடியோவில் கூப்பிடுவார்கள். தரையில் அட்டை விரித்து, சுற்றி உட்கார்ந்து, பச்சையாகவே அறுத்துத் தின்பார்கள்.

தனியாக இருந்த சியாசி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ரேடியோவில் சொல்லிவிட்டாள்: "எங்க வீட்ல கடல்நாய் இருக்கு, வாங்க."

வீடு நிறைந்தது. அட்டையில் கிடந்ததோ கடைப் பொட்டலம். சியாசியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

பக்கத்து வீட்டுப் பையன் குமாக், கையில் கத்தியோடு சம்மணம் போட்டான். "வேட்டைக்கு ரொம்ப தூரம் போனீங்களாக்கா?"

"கடை வரைக்கும்."

கூரை அதிரச் சிரித்தார்கள். ஒரு துண்டு மிச்சமில்லை.

மறுநாள் ரேடியோவில் குமாக்கின் குரல்: "எங்க வீட்லயும் ஒண்ணு மாட்டியிருக்கு. கத்தி எடுத்துட்டு வாங்க!"