முத்துப்பேச்சிக்குக் காய்ச்சல்

விரல்களைச் சொடுக்கினார்கள்.

இங்கே கை தட்டக் கூடாதாம். நல்ல வரி வந்தால் சொடுக்க வேண்டும். வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டார்கள்.

ஆதிரன் மைக் முன்னால் தலை குனிந்து நின்றான். கடைசி வரியை இன்னொரு முறை வாசித்தான்.

'விடுதியின் மின்விசிறியில் ஒரு நிலா தொங்கிக்கொண்டிருந்தது.'

மறுபடியும் சொடுக்கினார்கள். ஐம்பது பேர் இருக்கும். பழைய பஞ்சுக் கிடங்கை வெள்ளையடித்துக் கலைக்கூடம் ஆக்கியிருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் தூறல் மாதிரி கேட்டது.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவள் சொடுக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் ஆதிரன் அவள் வீட்டுக்கு வந்திருந்தான். தரையில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் டீ குடித்தான். செல்போனில் பதிவு செய்துகொண்டான்.

"எந்தப் பத்திரிகையும் போடாதுக்கா. நாங்க போடுவோம். எங்களுக்கு முதலாளியும் கிடையாது, பயமும் கிடையாது."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

மில் விடுதியில் அவளும் முத்துப்பேச்சியும் ஒரே அறை. முத்துப்பேச்சிக்குப் பத்தொன்பது வயது. நாலு நாள் காய்ச்சல். மூன்று முறை லீவு கேட்டாள். வார்டன் ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து ஷிப்டுக்கு அனுப்பினாள். நாலாம் நாள் மிஷின் பக்கத்திலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது.

மில்லில் வேறு மாதிரி சொன்னார்கள். யாரையோ காதலித்தாளாம், ஃபேனில் தொங்கிவிட்டாளாம். முகம் மட்டும் தெரியும்படி உடம்பைக் கட்டிக் கொடுத்தார்கள். ஊர் வரைக்கும் ஆள் அனுப்பி அந்தக் கதையைப் பரப்பினார்கள்.

இதையும் ஆதிரனிடம் சொல்லியிருந்தாள்.

இதைத்தான் அவன் எழுதியிருந்தான்.

பக்கத்து நாற்காலியில் முத்துப்பேச்சியின் அம்மா வள்ளித்தாய். உங்க பிள்ளையப் பத்தி நாலு பேர் முன்னால பேசப்போறாங்க, வாங்க அத்தை என்று போன் போட்டு அழைத்தது அவள்தான். வள்ளித்தாய் சங்கரன்கோவிலிலிருந்து ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள்.

வள்ளித்தாய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"அப்போ நெசமாத்தான் தொங்குனாளாட்டி? எங்கிட்ட மறச்சிட்டியா?"

இரண்டு வருஷம். ஊரே சொன்னபோதும் நம்பாதவள். போலீஸ் ஸ்டேஷனில் அதட்டிக் கேட்டபோதும் எம்புள்ள அப்படிச் செய்யமாட்டா என்று ஒரே பதிலைச் சொன்னவள்.

இப்போது கேட்கிறாள்.

வள்ளித்தாயின் கையை விலக்கிவிட்டு அவள் எழுந்தாள். மைக் வரை போகவில்லை.

"தம்பி, அவ தொங்கல. காய்ச்சல்ல செத்தா. லீவு குடுக்காம சாகடிச்சாங்க. மில்காரன் சொன்ன பொய்ய நீங்க அழகாச் சொல்லியிருக்கீங்க."

எங்கோ ஒரு விரல் சொடுக்கியது. பிறகு பத்து. பிறகு எல்லோரும்.

இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"சொடுக்காதீங்க!"

நின்றது.

ஆதிரன் இரண்டு எட்டு முன்னால் வந்தான். "அக்கா, அது ஒரு படிமம். மில்தான் கொன்னுச்சுன்னு நானும் சொல்றேன். வெறும் காய்ச்சல்னு எழுதினா யாருக்கும் உறைக்காதுக்கா."

"வெறும் காய்ச்சலா?"

அவள் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

"அவ அம்மா இந்தா உக்காந்திருக்காங்க. அவங்க முகத்தப் பாத்துச் சொல்லுங்க, படிமம்னு."

தலைகள் திரும்பின. வள்ளித்தாய் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 

கதவோரம் மேஜையில் இதழ்கள் அடுக்கியிருந்தன. ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் மடித்து, இரண்டு பின் அடித்தது. 'ஒட்டடை' என்று பெயர். பெயருக்குக் கீழே, 'யாருக்கும் அஞ்சாத இதழ்'.

அவள் நேராக அங்கே போய் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். நகத்தால் பின்னை நிமிர்த்தினாள். ஆதிரன் கவிதை இருந்த தாளை மட்டும் உருவினாள்.

இன்னொன்று.

இன்னொன்று.

"இதுவும் தணிக்கைதானே?" என்று யாரோ ஒருவர் கேட்டார்.  சிலர் தங்கள் பிரதியைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கையை நீட்டித் தடுத்தாள். குட்டை முடி. இருபது, இருபத்திரண்டு வயது.

"அக்கா, அந்தத் தாளுக்குப் பின்னாடி என் கவிதை இருக்கு. முதல் கவிதை."

அவள் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.  அடுத்த பிரதியை எடுத்தாள். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது.

அந்தப் பெண் நீட்டிய கையை எடுத்தாள். பிறகு தானும் ஒரு பிரதியைப் பிரித்துப் பின்னை நிமிர்த்த ஆரம்பித்தாள்.

வள்ளித்தாய் எழுந்து வந்தாள். உருவிப் போட்ட தாள்களில் ஒன்றைக் கையில் எடுத்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"இதுல அவ பேரு எங்கட்டி போட்டிருக்கு? காட்டு. தொட்டுப் பாத்துக்கிடுதேன்."

அவள் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நிலா இருந்தது. மல்லிகை இருந்தது. சிறகொடிந்த பட்டாம்பூச்சி ஒன்று இருந்தது. இருபத்தாறு வரி.

முத்துப்பேச்சி எங்கேயும் இல்லை.

மேஜைப் பக்கம் வந்திருந்த ஆதிரனிடம் தாளை நீட்டினாள்.

"நீங்களே காட்டுங்க தம்பி."

அவன் வாங்கிக்கொண்டான்.

வள்ளித்தாய் சுட்டுவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.