மாமனார் விசாரித்த கம்பெனி

படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்து, பெரியவர் அந்தக் கம்பெனியின் எண்ணை அழைத்தார்.

வெளியே கூடத்தில் மருமகன் கைப்பேசியும் கையுமாகக் காத்திருந்தான். ஆலையை மூடியபோது அவனுக்குக் கொடுத்த மொத்தப் பணமும் ஒரு பொத்தானுக்கு இந்தப் பக்கம் இருந்தது. அழுத்தினால், டாலரும் யூரோவும் கிரிப்டோவும் வாங்கி விற்கும் ஓர் ஆன்லைன் தரகுக் கம்பெனிக்குப் போய்விடும். இன்று மாலைக்குள் போட்டால் போனஸ் உண்டாம்.

அந்தக் குடும்பத்தில், பெரியவர் விசாரித்துச் சொல்லாமல் பெரிய காசு வாசல் தாண்டாது. கூட்டுறவு வங்கிகளில் தணிக்கை செய்தே தலை நரைத்தவர்.

காலையிலிருந்தே விசாரித்துக்கொண்டுதான் இருந்தார். கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது யாரும் கேள்விப்படாத ஒரு தீவு. முகவரியைத் தேடினால், அதே கதவிலக்கத்தில் ஒரு கம்பெனிக் கூட்டமே குடியிருந்தது. பாராட்டி எழுதியவர்கள் எல்லாரும் ஒரே நாளில் உட்கார்ந்து பாராட்டியிருந்தார்கள்.

ஒவ்வொன்றுக்கும் மருமகன் பதில் வைத்திருந்தான். சோதனைக்காகப் போட்ட சின்னத் தொகை லாபத்தோடு திரும்பி வந்ததைக் காட்டினான்.

அதைப் பார்த்த பிறகுதான் பெரியவருக்குச் சந்தேகம் முற்றியது. சின்னக் காசைக் கேட்டவுடன் சிரித்துக்கொண்டே திருப்பித் தருகிறவன் பெரிய காசுக்குக் காத்திருக்கிறான் என்பது அவர் கணக்கு.

“வணக்கம் சார், சொல்லுங்க சார்” என்றது மறுமுனை. தேன் தடவிய குரல்.

பெரியவர் பொய்ப் பெயர் ஒன்றைச் சொன்னார். நாக்கு கூசியது. ஒன்றும் தெரியாத கிழவனைப் போலக் குழைந்து பேசினார். லாபக் கதையை அவன் ஒப்பித்து முடிக்கும்வரை உம் கொட்டினார்.

பிறகு, எந்த வங்கிக்குள் நுழைந்தாலும் கேட்கிற தன் கேள்வியைக் கேட்டார்.

“உள்ள வர்ற வழியை எவனும் காட்டுவான் தம்பி. நீ வெளிய போற வழியைக் காட்டு. போட்டதை மொத்தமா நாளைக்கே திருப்பிக் கேட்டா?”

மறுமுனையில், அவனுக்குப் பின்னால் வேறு பல குரல்கள் வேறு பல சார்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தன.

அப்புறம் தேனெல்லாம் வடிந்துபோன குரல் வந்தது.

“அப்பா... போடாதீங்கப்பா. பெரிசா போட்டா திரும்ப வராது. அக்கா வீட்டுப் பணமா?”

அவருடைய இளைய மகன்.

வெளியூரில் ஒரு பெரிய வங்கியில் அதிகாரி என்று வீட்டுக்குச் சொல்லியிருந்தவன். அதைப் பெரியவர் உறவு முழுக்க நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள், யாரோ அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருக்க வேண்டும். குரலில் மறுபடி தேன் ஏறியது. அழைத்ததற்கு நன்றி சார் என்றான். இணைப்பு அறுந்தது.

பெரியவர் எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்தார்.

“வேண்டாம் மாப்பிள்ளை.”

மருமகன் சிரித்தான். “நீங்க எதை மாமா வேணும்னு சொல்லியிருக்கீங்க? தராசு வாங்கினாக்கூட, அதைத் தூக்கி இன்னொரு தராசுல வச்சுப் பார்ப்பீங்களே!”

சமையலறை வாசலில் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். “வேலை போனவன் மாமா நான். இதை விட்டா எனக்கு வேற வழி தெரியல. நான் பதில் சொல்ல முடியாத மாதிரி ஒரே ஒரு காரணம் சொல்லுங்க, விட்டுடறேன்.”

காரணம் இருந்தது.

இந்த மாப்பிள்ளையைப் பெற்றவரிடம், பெண் கொடுக்கும்போது, “எங்க வீட்டுப் பிள்ளைங்க அடுத்தவன் காசைத் தொட மாட்டாங்க” என்று வாக்குக் கொடுத்தவர் அவர். வேறு சீர் எதையும் அவர்கள் கேட்கவில்லை.

ஆயுசு முழுக்கச் சேர்த்த பெயர் ஒரு பக்கம். மகள் வீட்டு அடுப்பு ஒரு பக்கம்.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அங்க போன்ல பேசுறது நம்ம சின்னவன், மாப்பிள்ளை.”

சொல்லிவிட்டு, யார் முன்னாலும் குனியாத தலையைக் குனிந்துகொண்டார். ஏச்சு வரட்டும், முதலில் அதை நின்று வாங்கிக்கொள்வோம் என்று நினைத்தார். அதுதான் முறை. மகன் சொன்ன மிச்சத்தை அப்புறம் சொல்லலாம்.

“அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா மாமா!”

குரலில் கோபம் இல்லை.

“பேங்க் வேலையையே விட்டுட்டு அங்க போயிருக்கானா? உங்க வளர்ப்பு இருக்கிற இடத்துல எனக்கென்ன பயம்?”

பெரியவர் தலையை நிமிர்த்தியபோது, மருமகனின் கட்டைவிரல் பொத்தானை அழுத்திவிட்டு மேலே எழும்பியிருந்தது.