பன்னிரண்டாவது நம்பர்

"எல்லாம் அப்படியே புதுப் போனுக்கு வந்துரும்னு சொன்னியா, இல்லையா?"

வீரணன் போட்ட சத்தத்தில், போன் கவர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் விலகி நின்றார்கள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சின்னக் கடை அது. வீரணன் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலுக்குக் கேட்கவா வேண்டும். அவருக்குப் பின்னால், மனைவி சோலையம்மாள் மடியில் பையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னேன் ஐயா. வியாழக்கிழமை நானே உக்காந்து மாத்திக் குடுத்தேன். எது வரல? போட்டோவா?" என்றான் கடைக்காரன் அருண்பாண்டி.

"போட்டோ வந்துருச்சு."

"வாட்ஸப்புல ஏதும் விட்டுப்போச்சா?"

"குட்மார்னிங் அம்புட்டும் வந்துருக்கு. நான் ப்ளாக் பண்ணி வச்சிருந்த நம்பர் மட்டும் வரல. நேத்துக் காலையில நடுவீட்டுல மணி அடிக்குது. மூணு வருசமா அடிக்காத நம்பர்."

அருண்பாண்டி சிரித்துவிட்டான். "லோன் வேணுமான்னு கேக்குறவங்களா ஐயா? அதுக்கா இம்புட்டுக் கோவம்?"

"சிரிக்காத. கூப்பிட்டது என் மக."

அருண்பாண்டியின் சிரிப்பு நின்றுபோனது.

"எங்க பேச்ச மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனா. அன்னைக்கே ப்ளாக்குல போட்டேன். என் வீட்டுல அவ பேரையே எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். எங்க ஊரு பேரையூர்ல போயிக் கேளு, சொந்தக்காரன் அத்தன பேருக்கும் தெரியும். நேத்து நான் குளிக்கப் போயிருக்கேன். போன் அடிக்கவும் இந்தா, இவ எடுத்துட்டா. நான் தலையத் தொவட்டிக்கிட்டு வெளிய வாரேன், அரை மணி நேரமா அழுது அழுது பேசிக்கிட்டு இருக்கா. மூணு வருசமா நான் பிடிச்ச பிடிய ஒரே நாள்ல கெடுத்துட்டியேய்யா."

சோலையம்மாள் தலையை நிமிர்த்தவில்லை.

"அதான் இவளையும் கையோட கூட்டிட்டு வந்துருக்கேன். யாரு தப்புன்னு இவ முன்னாலயே சொல்லு."

வீரணன் போனைத் திறந்து மேசைமேல் வைத்தார். அருண்பாண்டி ப்ளாக் பட்டியலைப் பார்த்தான். பதினொரு எண்கள் இருந்தன. மனை விற்பவர்கள், கிரெடிட் கார்டு, லோன் என்று எல்லாம் பத்திரமாக வந்திருந்தன. எக்ஸ்சேஞ்சில் வாங்கிய அவருடைய பழைய போன் இன்னும் அழிக்கப்படாமல் டிராயரில் கிடந்தது. அதையும் எடுத்துப் பார்த்தான். அதில் பன்னிரண்டு.

ப்ளாக் பட்டியல் வந்தால் மொத்தமும் வரும். வராவிட்டால் ஒன்றும் வராது. நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் தவறிப்போக வழியில்லை. யாரோ புதுப் போனில் அந்த எண்ணைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் பட்டியலிலிருந்து கையால் நீக்கியிருக்கிறார்கள்.

அவனுக்கும் கோபம் வந்தது. செய்யாத தப்புக்கு இத்தனை பேர் முன்னால் பேச்சு வாங்க வேண்டுமா?

"ஐயா, இது எங்க தப்பே இல்ல. இதப் பாருங்க..." என்று வேகமாக ஆரம்பித்தவன், வீரணனின் தோளுக்குப் பின்னால் பார்த்ததும் நிறுத்தினான். சோலையம்மாள் இரண்டு கைகளையும் கூப்பி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

அருண்பாண்டி பழைய போனை டிராயருக்குள் போட்டு மூடினான்.

"தப்பு எங்க மேலதான் ஐயா. மாத்தும்போது ஒண்ணு விட்டுப்போச்சு."

"கேட்டுக்கிட்டியா?" வீரணன் மனைவியிடம் திரும்பினார். "எல்லாம் இவன் பண்ணுன வேலை." மறுபடி அவனைப் பிடித்துக்கொண்டார். "தொழில் தெரியாதவனெல்லாம் எதுக்குய்யா கடை தொறக்குற? ஒரு குடும்பத்து விசயம்னு பொறுப்பு வேணாமா?"

கவர் பார்க்க வந்த பெண்கள் வாங்காமலே இறங்கிப் போனார்கள். எட்டு வருடக் கடையில் அவன் இப்படி யாரிடமும் ஏச்சு வாங்கியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"குடுங்க ஐயா. இப்பவே மறுபடியும் ப்ளாக்குல போட்டுத் தாரேன்."

"ஒண்ணும் கிழிக்க வேணாம். ஒன் கை பட்டதெல்லாம் போதும். நானே போட்டுக்கிறேன்."

வீரணன் போனை வெடுக்கென்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நான் போயி பஸ்ல இடம் பிடிக்கிறேன், நீ மெதுவா வந்து சேரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே ரோட்டைத் தாண்டினார்.

சோலையம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அருண்பாண்டிக்கு அடக்கி வைத்திருந்தது பொறுக்கவில்லை.

"ஏம்மா, உங்க முகத்துக்காகத்தான் அம்புட்டு ஏச்சையும் வாங்கிக்கிட்டேன். மக நம்பர ப்ளாக்குல இருந்து எடுத்துவிட்டது நீங்கதான்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, என் மானம் இப்படிப் போயிருக்குமா?"

சோலையம்மாள் விழித்தாள். "நானா?"

"பின்ன எதுக்கும்மா என்னையப் பாத்துக் கும்புட்டீங்க?"

"அவருக்கு பிரசர் இருக்கு தம்பி. எதுத்துப் பேசிறாதீகன்னுதான் கும்புட்டேன். எனக்கு அந்தப் போன்ல, அடிச்சா எடுத்துப் பேச மட்டுந்தான் தெரியும்." அவள் குரல் தயங்கியது. "அவரு வெரலு பட்டாத்தான் தம்பி, அது தொறக்கவே செய்யும்."