காலிக் கட்டம்

டாக்டர் ரவுண்டுக்கு வரக் கால் மணி நேரமே இருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அடுத்த நோயாளியின் பக்கம் திறக்காது. ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தட்டும் நர்ஸ் அமலோற்பவம், சன்னலோரத்துப் பேச்சியம்மாளுக்கு நேற்று இருந்த இயல்பான உடல்சூட்டையே, இன்று அளக்காமல், போட்டுவிட்டாள். அப்புறம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டர் திரையைப் பார்த்தார். "எல்லாக் கட்டமும் நார்மல்னு பச்சையா இருக்கே! கம்ப்யூட்டருன்னா ஓடி ஒளிஞ்ச ஆளா நீங்க?" என்று சிரித்தார். பேச்சியம்மாளை இன்றே வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று மகளிடம் சொன்னார்.

அவர் போன பிறகு அமலோற்பவம் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு சன்னலோரத்துக் கட்டிலுக்கு விரைந்தாள். மகள் தாயின் நெற்றியிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்தாள்.

"உடம்பு கொதிக்குது. மெஷின்ல காய்ச்சலே இல்லன்னு காட்டுதாமே. அப்ப என் கைதான் பொய் சொல்லுதா, சிஸ்டர்?"