ஆரணி மாற்றிய வரி

கடற்கரை ரயில் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் வெள்ளவத்தை அலுவலகம். இரத்தக் கொடையாளரைத் தேடித் தரும் இணையத்தளம் காலையிலிருந்து திறக்கவில்லை. அதன் நிரலை எழுதிய ஜனா, பிழை தன்னுடையதென்றே நம்பி, மகளுக்கு இரத்தம் தேடும் தகப்பனிடம் போனில் மன்னிப்புக் கேட்கிறான். பக்கத்து மேசையில் ஆரணி, வரும் கோரிக்கைகளை நிரலுக்கு அனுப்பும் சேர்வர் வரியையே பார்க்கிறாள். காலையில் அவள் மாற்றிய வரி. கோரிக்கைகள் போய்ச் சேரவேண்டிய வாசலைச் சொல்லும் போர்ட் இலக்கம் பிழை. சத்தமின்றித் திருத்துகிறாள். தளம் திறக்கிறது; திரையை ஜனா பக்கம் திருப்புகிறாள். "அக்கா, நீங்கள் இல்லாட்டி நான் துலைஞ்சன்!" போனைக் கையால் பொத்திக்கொண்டு ஜனா சிரிக்கிறான். சரிந்த வெயிலில் அவன் கண்கள் கலங்கியிருப்பது தெரிகிறது. ஆரணி கையை நீட்டுகிறாள். "போனைத் தாரும் ஜனா. பிழை என்ர. அவரோட நான் கதைக்கிறன்."