எதிர்ப் பக்கம் நின்றவர்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மெர்சி ஜெபித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் அப்பா ஆரோக்கியசாமி. அல்சூரில் ரோட்டோரம் மயங்கி விழுந்தவரை ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்த வெளியூர்க்காரர் பக்கத்திலேயே நின்றார்.

கதவைத் திறந்து வந்த டாக்டர், “கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா” என்றார்.

அந்த மனிதர் அழுதுவிட்டார்.

“என் தப்புதாம்மா. அவரு கையைத் தூக்கிக் கூப்பிட்டாரு. நான் எதிர்ப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

“ஏன் சார்?”

“நான் சிங்கப்பூர்லேருந்து மாநாட்டுக்கு வந்தவன். எங்களுக்குப் பயண ஆலோசனைன்னு ஒரு தாள் கொடுத்தாங்க. ரோட்டுல யாராவது விழுந்து கிடந்தா கிட்டப் போகாதீங்க, திருட்டுக் கூட்டமா இருக்கும்னு அதுல போட்டிருந்தது. அப்புறம்தான் மனசு கேக்கல.”

மெர்சி அவர் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

“நீங்களாவது வந்தீங்களே சார். ஆண்டவர் உங்கள ஆசீர்வதிப்பாரு.”

“என் மேல கோபம் வரலையாம்மா?”

மாநாட்டு அலுவலகத்தில் அந்தத் தாளைத் தயாரித்தவள் மெர்சிதான். பத்து ஆலோசனை வேண்டும் என்றார் மேனேஜர். ஒன்பதுதான் தேறியது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருந்ததைப் பார்த்துப் பத்தாவதை எழுதிச் சேர்த்திருந்தாள்.